கார்ப்பெற் கழுவும் தொழிலுக்கு எந்தத் தெளிகருவி?



கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விடயத்தை மட்டும் சொல்கிறேன். அவரும் அயலில் உள்ள இன்னொரு பெண்ணும் சேர்ந்து ஒன்றரை வருடமாக விடுதிகளிலும் வீடுகளிலும் சோபா, கார்ப்பெற், வாகன இருக்கை ஆகியவற்றைக் கழுவிக் கொடுக்கிறார்கள். கையால் காற்றடிக்கும் இரண்டு லீற்றர் போத்தலால்தான் இதுவரை சவர்க்காரத் தண்ணீரை விசிறி வந்திருக்கிறார்கள். இப்போது ஒரு விடுதியில் மாதாமாதம் பதினெட்டு அறைகளையும் ஒரு கூட்ட மண்டபத்தையும் கழுவும் வேலை கிடைக்கப்போகிறது. ஆனால் விருந்தினர் வெளியேறும் காலை பத்து மணிக்கும் அடுத்தவர்கள் வரும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் அறைகளைப் பகுதி பகுதியாக முடித்துக் கொடுக்க வேண்டும். கைப்போத்தலால் அது முடியாது. சங்கத்தில் சேமித்த காசு கொஞ்சம் இருக்கிறது. போதாவிட்டால் கடன் எடுக்கலாம்.

அவருடைய கேள்விகள் மூன்று. கரண்டில் வேலை செய்யும் தெளிகருவிகளில் எது நம்பி வாங்கக்கூடியது? தம்பியிடம் வயலுக்கு மருந்தடிக்கிற பற்றரி மெசின் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை நன்றாகக் கழுவிப் பாவிக்கலாமா? மூன்றாவதை அவர் கேள்வியாகக்கூட எழுதவில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக விட்டிருக்கிறார்: "இடது தோளில் செல் துண்டு இன்னும் இருக்கு அக்கா, பாரம் தூக்கினால் இரவில் நித்திரை வராது."

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். களைகொல்லியும் பூச்சிகொல்லியும் பட்ட தாங்கியின் பிளாஸ்ரிக் உட்சுவரிலும், றப்பர்க் குழாயிலும், பம்பின் மென்தகட்டிலும் அந்த மருந்து ஊறியிருக்கும். வெறும் தண்ணீர் விட்டால் தெரியாது. சவர்க்காரமும் காரமும் கலந்த நம்முடைய கழுவு நீர் உள்ளே போகும்போதுதான் அது கரைந்து வெளியே வரும். அதைக் கொண்டுபோய் ஒரு குழந்தை தவழும் கார்ப்பெற்றில் விசிறுவதா? விதைநெல்லுக்குப் பாவித்த சாக்கில் சோற்று அரிசி போடமாட்டோமே. தம்பியின் மெசின் வயலுக்கே இருக்கட்டும்.

2020இல் கொரோனா வந்தபோது கிருமி நீக்குவதற்கென்று பற்றரித் தெளிகருவிகள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பாவிக்கப்பட்டன. அவற்றில் சில இப்போது பாவித்த சாமானாக மலிவாகக் கிடைக்கின்றன. குளோரின் நீர் ஓடிய கருவியில் உள்ளே இருக்கும் சுருள்வில்லும் உலோகத் துண்டுகளும் அரித்துப் போயிருக்கும். வெளியே புதிதுபோலப் பளபளக்கும். அதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இனி முதலாவது கேள்வி. எதை வாங்குவது என்று பார்க்குமுன், கருவிக்கு நம் தொழிலில் என்ன வேலை என்று தெரிந்திருக்க வேண்டும். தெளிகருவி கார்ப்பெற்றைக் கழுவுவதில்லை. அது அழுக்கை இளக்கும் நீரைச் சமமாகப் பரப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கு முன் உலர்ந்த தூசியை வாக்குவம் மெசினால் இழுத்தெடுக்க வேண்டும். விசிறிய பின் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு, தண்ணீர் இழுக்கும் மெசினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் மெசின் இல்லாமல் தெளிகருவியை மட்டும் பெரிதாக வாங்குகிறவர்கள் கார்ப்பெற்றை நனைத்துவிட்டுத்தான் வருவார்கள். ஒரு நாளுக்குள் காயாத கார்ப்பெற் மணக்கத் தொடங்கும். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கையில் இருக்கும் காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் உறிஞ்சும் மெசினை முதலில் வாங்குங்கள், விசிறுவதற்குக் கைப்போத்தலே இருக்கட்டும். கடிதம் எழுதிய சகோதரியிடம் உறிஞ்சும் மெசின் ஏற்கனவே இருக்கிறது. அதனால் மேலே போகலாம்.

எவ்வளவு நீர் தேவை? பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 120 சதுர அடி. சாதாரண அழுக்குக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் கரைசல் போதும். மிகவும் ஊத்தையான இடமென்றால் இரண்டு. அதற்குமேல் விட்டால் அடித்துணி வரைக்கும் நனையும், உறிஞ்சி எடுக்கவும் முடியாது. ஐந்து லீற்றர்த் தாங்கியை ஒருமுறை நிரப்பினால் மூன்று அறை முடிகிறது. அப்படியிருக்க, "இது பதினாறு லீற்றர் அக்கா, ஒருக்கா நிரப்பினால் நாள் முழுக்கக் காணும்" என்று கடைக்காரர் சொன்னால் அது வயலுக்குச் சரி. நமக்கு அது வெறும் பாரம். பதினாறு லீற்றர் தண்ணீரே பதினாறு கிலோ. ஈயப் பற்றரியோடு வெறும் கருவி ஐந்தாறு கிலோ வரும். இருபது கிலோவுக்குமேல் முதுகில் கட்டிக்கொண்டு, குனிந்து, கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் திரும்ப வேண்டும். தோளில் துண்டு இருக்கிறவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே இது ஆகாது.

கடைகளில் மூன்று வகையைக் காட்டுவார்கள்.

ஒன்று, சுவரில் பிளக் குத்தி நேரடியாக 230 வோல்ற் கரண்டில் ஓடும் புகைமூட்டி. கொரோனாக் காலத்தில் பிரபலமானது. பனிப்புகைபோல மிக நுண்ணிய துளியாக அடிக்கும். கார்ப்பெற்றுக்கு அது கூடாது. நுண்ணிய துளி கீழே விழாமல் காற்றில் மிதக்கும். அதை மூச்சோடு இழுப்பவர் நாம்தான். ஈரத் தரையில் நின்றுகொண்டு வயரை இழுத்து வேலை செய்வதும் ஆபத்து. பெயின்ற் அடிக்கும் மின்கருவியையும் சிலர் இதற்குத் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். அதுவும் வேண்டாம்.

இரண்டாவது, முதுகில் மாட்டும் பதினாறு அல்லது இருபது லீற்றர்ப் பற்றரிக் கருவி. ஊரெல்லாம் கிடைக்கும், உதிரிப்பாகமும் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அதன் பலமே அதுதான். பெரிய மண்டபம், தேவாலயம், பள்ளிவாசல் என்று அகலமான விரிப்புகளில் வேலை செய்பவர்களுக்குப் பொருத்தம். ஆனால் வாங்கினால் முதுகில் மாட்டாதீர்கள். பயணப் பெட்டிக்குக் கட்டும் சில்லுத்தட்டு ஒன்றில் நிறுத்திக் கட்டி, விசிறும் குழாயை ஐந்து மீற்றர் நீளமாக மாற்றிக்கொண்டால் இழுத்துக்கொண்டு போகலாம். தாங்கியைப் பாதிக்குமேல் நிரப்பவும் தேவையில்லை.

மூன்றாவது, ஐந்து முதல் எட்டு லீற்றர் வரை கொள்ளும் சிறிய பற்றரிக் கருவி. கையில் தூக்குவதும் உண்டு, ஒரு தோளில் மாட்டுவதும் உண்டு, சில்லு வைத்ததும் உண்டு. எங்கள் வேலைக்கு, அதாவது அறைகள், சோபா, வாகன இருக்கை என்றால், நான் இதைத்தான் சொல்வேன். குறை ஒன்று இருக்கிறது. சில மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம். இதைக் கீழே சொல்கிறேன்.

இந்த இடத்தில் எங்கள் சொந்தக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. நாங்கள் மூன்று பேராகத் தொழில் தொடங்கியபோது நகரத்துக் கடை ஒன்றில் முதற் கருவியை எடுத்தோம். "கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்று சொன்னார்கள். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம். நாற்பது நாள் ஒழுங்காக ஓடியது. ஒரு கலியாண மண்டபத்தில் மேடைக்குப் போகும் சிவப்புக் கார்ப்பெற்றை, கலியாணத்துக்கு முதல்நாள் கழுவக் கொடுத்தார்கள். எண்ணெய்க்கறை நிறைய இருந்ததால் தோடம்பழ வாசனை வரும் எண்ணெய் நீக்கி ஒன்றைக் கூடுதலாகக் கலந்தோம். அரைவாசி போகுமுன் கைபிடிக்குக் கீழே ஒழுகத் தொடங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் இருந்து மேடை வரைக்கும் சொட்டுச் சொட்டாக ஒரு வெளிறிய கோடு! கூலியில் பாதியை விட்டுக்கொடுத்தோம். அந்த மண்டபம் அதன்பிறகு எங்களைக் கூப்பிடவில்லை.

கருவியைக் கழற்றிப் பார்த்த திருத்துனர் றப்பர் வாசரைக் கையில் எடுத்துக் காட்டினார். ஊறின கடலைபோலப் பருத்து, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. அந்த எண்ணெய் நீக்கிக்கு அந்த றப்பர் தாங்காது. கடைக்காரர் சொல்லவில்லை என்பது உண்மைதான். நாங்களும் அவரிடம் என்ன நீர் ஊற்றப்போகிறோம் என்று சொல்லவில்லையே.

ஆகவே தெளிகருவியில் முதலில் பார்க்க வேண்டியது மோட்டரையல்ல, வாசரை. கார்ப்பெற்றுக்கு முன்னதாக விசிறும் கரைசல்கள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை. அவற்றுக்கு ஈபிடிஎம் என்ற வகை றப்பர் நன்றாகத் தாங்கும். ஆனால் தோடம்பழ எண்ணெய், டின்னர் போன்ற கரைப்பான் கலந்தவற்றுக்கு அது பருத்துவிடும். வைற்றன் என்ற வகை கரைப்பானுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும், விலை கூட. கடும் காரத்தில் அதுவும் நாளடைவில் கெடும். மலிவுக் கருவிகளில் எந்த வகை போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கவே மாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மேலதிக வாசர் இரண்டு வாங்குங்கள். ஒன்றை, நீங்கள் வழக்கமாகக் கலக்கும் அளவில் கலந்த கரைசலில் தயிர்க் கோப்பை ஒன்றில் போட்டு மூன்று நாள் வையுங்கள். மற்றதை உலர்வாக வையுங்கள். மூன்றாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பருத்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ அந்தக் கருவிக்கு அந்தக் கரைசல் ஆகாது. ஐம்பது நூறு ரூபாச் செலவில் ஒரு கருவியைக் காப்பாற்றலாம்.

அடுத்தது பம்ப். பற்றரிக் கருவிகளில் இருப்பது மென்தகடு துடிக்கும் சிறிய பம்ப். கைபிடியை விட்டதும் தானாக நிற்கும். பிடித்ததும் ஓடும். பெட்டியில் பெரிய அழுத்த எண் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். கார்ப்பெற்றுக்கு மூன்று நான்கு பார், அதாவது 45 முதல் 60 பிஎஸ்ஐ போதும். அழுத்தம் கூடினால் அழுக்கு அடிக்குத்தான் இறங்கும், சுவரிலும் திரைச்சீலையிலும் தெறிக்கும்.

விசிறு முனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியோடு இலவசமாக வரும் முனை பெரும்பாலும் வயலுக்கானது. அது கூம்பு வடிவில் அடிக்கும். நடுவில் ஈரம் குறைந்து சுற்றிவர வளையமாக நனையும். நமக்குத் தேவை தட்டையாக, விசிறிபோல விரியும் முனை. அதில் 8002 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கமும் விரியும் கோணம், 80 பாகை. கடைசி இரண்டும் நீரின் அளவு. 02 என்றால் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு முக்கால் லீற்றர், 04 என்றால் அதன் இரண்டு மடங்கு. நிறத்தாலும் கண்டுகொள்ளலாம். சர்வதேச முறைப்படி செய்த முனைகளில் 02 மஞ்சள், 03 நீலம், 04 சிவப்பு. அறைகளுக்கு மஞ்சளே போதும். ஓர் அடி உயரத்தில் பிடித்தால் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலத்துக்கு நனையும். ஒன்றரை லீற்றரை இரண்டு நிமிடத்தில் பரப்பிவிடலாம்.

இரண்டு நிமிடம் என்று எழுதும்போதே ஒன்று விளங்குகிறது. பதினெட்டு அறைக்கும் சேர்த்துப் பம்ப் ஓடும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. மண்டபத்தையும் சேர்த்தால்கூட அதிகம் கூடாது. 12 வோல்ற் 8 அம்பியர்-மணி என்று எழுதிய சாதாரணப் பற்றரி, பம்ப் மூன்று அம்பியர் இழுத்தால் கணக்குக்கு இரண்டரை மணித்தியாலம் வரும். நடைமுறையில் குறைவாக வரும் என்று வைத்தாலும் போதும். எனவே இரட்டைப் பற்றரி, பெரிய பற்றரி என்று கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பற்றரி சின்னதாக இருக்கலாம். ஆனால் அதைப் பராமரிக்கிற விதத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. ஈயப் பற்றரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் வைத்தால் உள்ளே உப்புப் படிந்து செத்துவிடும். வேலை முடிந்த அன்றிரவே சார்ஜ் போட வேண்டும். வேலை இல்லாத மாதத்திலும் ஒருமுறை போட வேண்டும். லிதியம் பற்றரி பாரம் குறைவு, விலை கூட, அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறொன்றில் போடவே கூடாது. வெயில் படும் முச்சக்கர வண்டிக்குள்ளோ தகரக் கொட்டிலுக்குள்ளோ அதை வைக்கவும் கூடாது. தோள், கை ஏலாதவர்கள் காசு இருந்தால் லிதியத்துக்குப் போவது நல்லது. ஈயப் பற்றரி மட்டுமே இரண்டரைக் கிலோ அளவில் வரும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நாட்களில் பற்றரியைக் கடைசி நேரத்தில் சார்ஜ் போட நினைத்து வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? வெட்கப்பட வேண்டாம். ஓர் அளவுச் சாடியும் ஒரு துண்டுக் கடதாசியும் கொண்டு போங்கள். "தண்ணி விட்டுப் பார்க்காமல் எடுக்கமாட்டன்" என்று சொல்லுங்கள். பெட்டியைத் திறக்க மறுக்கிற கடையை விட்டு வந்துவிடலாம். தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் சாடிக்குள் அடித்து அளந்து பாருங்கள். முனையில் எழுதியதற்கு மிகக் குறைவாக வந்தால் பம்ப் பலவீனம். பிறகு கைபிடியை விடுங்கள். பம்ப் ஓரிரு செக்கனில் நிற்க வேண்டும். கைபிடி மூடியிருக்கும்போதே பம்ப் நின்று நின்று தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. பத்து நிமிடம் அப்படியே வைத்து, ஒவ்வொரு பொருத்தின் கீழும் கடதாசியை ஒற்றிப் பாருங்கள். காய்ந்த சீமெந்துத் தரையில் ஒரு கோடு அடியுங்கள். ஓரம் இரண்டும் நடுவும் ஒரேமாதிரி நனைந்திருக்க வேண்டும். தாங்கியின் வாய்க்குள் உங்கள் கை போகிறதா, வடி இருக்கிறதா, அடியில் தண்ணீரைத் திறந்துவிட மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். நிரப்பி ஒருமுறை தூக்கியும் பாருங்கள். காயம் உள்ள பக்கத்தால் தூக்க வேண்டாம். கைபிடியை அமர்த்தியபடி பூட்டிவைக்கும் கொக்கி இருந்தால் விரல் இல்லாதவர்களுக்கும் மணிக்கட்டு நோ உள்ளவர்களுக்கும் பெரிய உதவி. இடக்கையாலும் பிடிக்கலாமா என்று பாருங்கள். பொய்க்கால் போட்டிருக்கும் சகோதரிகளுக்குத் தோள்பட்டை உள்ளதைவிடச் சில்லு உள்ளதே நல்லது. ஒரு பக்கப் பாரம் நடையைக் குழப்பும்.

கடைசியாக, மென்தகட்டுத் தொகுதி, அழுத்த சுவிச், குழாய், கைபிடி, வாசர், சார்ஜர் ஆகியவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். "ஓடர் பண்ணி எடுத்துத் தரலாம்" என்பது இல்லை என்பதற்கு இன்னொரு சொல். 2022இல் இறக்குமதிகள் தடைப்பட்டபோது ஒரு சின்னச் சுவிச் இல்லாமல் நல்ல கருவிகள் மூலையில் கிடந்தன. என் எண்ணத்தில், நம்பிக்கையான கருவி என்றால் உங்கள் ஊரில் திருத்தக்கூடிய கருவிதான். பெயர்போன கருவி வாங்கி, பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தால் அந்த மாத வேலை போயிற்று.

பற்றுச்சீட்டுக் கட்டாயம் வாங்குங்கள். மாதிரி இலக்கமும் உத்தரவாதக் காலமும் அதில் எழுதப்பட வேண்டும். பற்றரிக்கும் உத்தரவாதம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் பற்றரியை விட்டுவிடுவார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. ஏமாற்றப்பட்டால் அந்தச் சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

காசைப் பற்றி ஒரு சொல். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே விலை எழுதவில்லை. கணக்குப் பார்க்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன். உதாரணத்துக்கு, கருவி 24,000 ரூபா என்று வைப்போம். இரண்டு வருடம் ஓடும், நடுவில் ஒரு பற்றரியும் இரண்டு வாசர்த் தொகுதியும் மாற்ற 12,000 போகும் என்று வைப்போம். மொத்தம் 36,000, மாதத்துக்கு 1,500. உங்கள் மாத வேலையில் செலவும் கூலியும் போக இந்த 1,500 தனியாக மிஞ்சுகிறதா? மிஞ்சினால் வாங்கலாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடனை இதற்கு எடுக்காதீர்கள். விடுதிகள் மாத முடிவில்தான் காசு தரும், கடன்காரர் கிழமை முடிவில் வருவார். இந்த இடைவெளியில்தான் தோடும் சங்கிலியும் அடைவுக்குப் போகின்றன. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய அளவுக்கு நிலைமை போனதை நாம் கண்டோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சுழற்சிக் கடன் இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் விடுதியிடமே முதல் மாதக் கூலியில் பாதியை முற்பணமாகக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் குறைச்சல் இல்லை.

வாங்கிய பின் நம்முடைய பகுதிகளில் கருவிக்குப் பெரிய எதிரி தண்ணீர்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரியும். அதே படிவுதான் முனையிலும் பம்பின் வால்விலும் படிகிறது. சவர்க்காரமும் அந்தத் தண்ணீரில் நுரைக்காமல் திரளும், பிறகு கூடக் கலக்கத் தோன்றும். கரைசல் கலக்க மழைநீரோ சுத்திகரித்த தண்ணீரோ பாவியுங்கள், நாளுக்குப் பத்து லீற்றர்தானே. வேலை முடிந்ததும் மிச்சக் கரைசலை வெளியே எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நிமிடம் அடித்து, பிறகு தண்ணீர் இல்லாமல் சில செக்கன் ஓடவிட்டுக் குழாயை வெறுமையாக்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை முனையையும் வடியையும் விநாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்க்கலாம். ஊசியால் குத்த வேண்டாம். துளை ஒரு மயிரிழை கீறுப்பட்டாலும் விசிறும் வடிவம் கெட்டுவிடும். தாங்கிக்குள் கொதிநீர் ஊற்றவும் கூடாது. எவ்வளவு சூடு தாங்கும் என்று கைநூலில் இருக்கும். இல்லாவிட்டால் கை பொறுக்கும் இளஞ்சூட்டோடு நிறுத்துங்கள்.

விசிறும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். வெளுப்பு நீரையும் விநாகிரி போன்ற புளிப்பையும் ஒருபோதும் ஒரே தாங்கியில் சேர்க்க வேண்டாம், நச்சுக்காற்று வரும். கம்பளி விரிப்பா, செயற்கை நூலா என்று முதலில் பாருங்கள். ஓரத்தின் அடியிலிருந்து ஒரு நூலை எடுத்து வெளியே வைத்துக் கொளுத்தினால் கம்பளி மயிர் எரிந்த மணத்தோடு பொடியாகும், செயற்கை நூல் உருகி மணியாகத் திரளும். கம்பளிக்குக் காரக் கரைசல் கூடாது, அதற்கென்று உள்ள மிதமானதைத்தான் விசிற வேண்டும். எதுவானாலும் மூலையில் கொஞ்சம் விசிறி வெள்ளைத்துணியால் ஒற்றிப் பார்த்து, சாயம் வராவிட்டால் தொடங்குங்கள்.

இனிக் கடிதம் எழுதிய தங்கச்சிக்கு. உங்களுக்கு நான் சொல்வது ஐந்து அல்லது எட்டு லீற்றர்ச் சில்லுக் கருவி, நீளக் குழாய், மஞ்சள் முனை இரண்டு. அந்த அளவில் உதிரிப்பாகத்தோடு ஒன்றும் கிடைக்காவிட்டால், ஊரில் திருத்தக்கூடிய பதினாறு லீற்றரை எடுத்துச் சில்லுத்தட்டில் கட்டி, ஆறு லீற்றருக்குமேல் நிரப்பாமல் பாவியுங்கள். அறை வாசலில் கருவி நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். மாடிக்கு ஏற்றும்போது தாங்கி வெறுமையாக இருக்க வேண்டும், தண்ணீரை மேலேயே பிடித்துக் கலக்கலாம். நீங்கள் விசிறுங்கள், தூரிகை பிடிப்பதும் உறிஞ்சும் மெசின் தள்ளுவதும் உங்கள் கூட்டாளிக்கு. இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கூலியைப் பாதி பாதியாகப் பிரிப்பதில் பிறகு கதை வரக்கூடாது. தோள் நோவுக்கு வைத்தியசாலையில் காட்டி எவ்வளவு காலம் என்று எழுதவில்லை. படம் எடுத்துப் பார்த்துக் கனகாலம் என்றால், விடுதி வேலை தொடங்குமுன் ஒருமுறை போய்க் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தண்ணீர் உறிஞ்சும் மெசினைப் பற்றி மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.